ஹார்டனை விட்டவர் எப்படி நல்ல மேனேஜர் ஆனார்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்., ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதும் அவர் வேலை) சாம் பிரெஸ்டி, ஜேம்ஸ் ஹார்டன் என்ற நட்சத்திரத்தை அனுப்பிவிட்டவர். இன்னொரு நட்சத்திரம் கெவின் டுராண்ட் கிளம்பிப் போனபோது பதிலுக்கு ஒன்றுமே வாங்க முடியாமல் நின்றவர். அப்படியிருந்தும் அவரைத்தான் என்பிஏவின் தலைசிறந்த ஜி.எம். என்கிறார்கள். எதை வைத்து? ஒரு ஜி.எம். அணியைக் கட்டும் விதத்தை எப்படித்தான் எடை போடுவது?

என் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முடிவை எடைபோட வேண்டுமென்றால் அது எடுக்கப்பட்ட நாளுக்கே போய் நில்லுங்கள். அன்று என்ன தெரியும், வேறு என்ன வழி இருந்தது, என்ன விலை கிடைத்தது என்று பாருங்கள். ஆளை எடைபோடும்போது மட்டும் பத்து வருஷம் தள்ளி நின்று, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று பாருங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பழைய டிரேடை, அதாவது ஆட்டக்காரர்களை வேறு அணியோடு மாற்றிக்கொண்டதை, இன்றைய ஸ்கோர்போர்டை வைத்துத் திட்டுகிறோம், ஆளை நேற்றைய டிரேடை வைத்துப் புகழ்கிறோம்.

ஹார்டன் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2012 ஜூனில் தண்டர் இறுதிப் போட்டிக்குப் போய் மயாமி ஹீட்டிடம் 4-1 என்று தோற்றது. அப்போது டுராண்டுக்கும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கும் வயது 23, ஹார்டனுக்கும் செர்ஜ் இபாக்காவுக்கும் 22. நால்வரும் பிரெஸ்டி டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பையன்கள். ஆகஸ்டில் இபாக்காவுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தாகிவிட்டது. ஹார்டனுக்கு நீட்டிப்பு கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டது. அப்போதைய செய்திகளின்படி இரு தரப்புக்கும் இடைவெளி, நான்கு வருஷத்துக்கும் சேர்த்தே, 5 மில்லியன் டாலர் அளவுதான். அக்டோபர் 27 அன்று அவர் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். வந்தது கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், இரண்டு முதல் சுற்று பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக் (பிக் என்பது டிராஃப்டில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). 2018-ல் ஹார்டன் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது, அதாவது எம்விபி, வாங்கினார். வழக்கமாகக் கதையை இங்கே முடித்து, "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய முட்டாள்தனம்" என்பார்கள்.

அந்த 2018 விருதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2012-ல் அவர் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியவர். சிறந்த ஆறாவது ஆள் விருது வாங்கியவர்தான், ஆனால் இறுதிப் போட்டியில் சொதப்பியவர். இன்னொன்றையும் சேர்க்கக் கூடாது. 2013 பிளேஆஃபின் (கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடர்கள்) முதல் சுற்றில் வெஸ்ட்புரூக்குக்கு முழங்கால் போனது, அடுத்த சுற்றிலேயே மெம்ஃபிஸிடம் தண்டர் வெளியேறியது. ஹார்டன் இருந்திருந்தால் சமாளித்திருப்பார்கள் என்பது உண்மைதான். (வெஸ்ட்புரூக் அடிபட்ட அந்தத் தொடரில் எதிரணி ஹூஸ்டன், ஹார்டன் எதிர்ப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தார். விதியின் குசும்பு.) ஆனால் முழங்கால் போகும் என்று அக்டோபரில் யாருக்குத் தெரியும்?

சரி, இரண்டையும் கழித்துவிட்டோம். இப்போது அந்த அக்டோபர் வாரத்தில் போய் நின்றால் என்ன தெரிகிறது? பிரெஸ்டி பக்கம் ஒரு நியாயம் உண்டு. லீகுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான 2011 ஊதிய உடன்படிக்கை ஆடம்பர வரியைக் கடுமையாக்கியிருந்தது. சம்பளப் பட்டியல் ஓர் எல்லையைத் தாண்டினால் அணி லீகுக்குக் கட்டும் தண்டம் அது. 2013-14 முதல் எவ்வளவு தாண்டுகிறோமோ அவ்வளவு ஏறும். சிறிய நகரத்து அணி பயந்ததில் தவறில்லை. ஆனால் அந்த வாரமே விற்றாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீட்டிப்பு கொடுக்காவிட்டால் 2013 கோடையில் ஒப்பந்தம் முடிந்து ஹார்டன் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருப்பார். வேறு எந்த அணி என்ன கொடுத்தாலும் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை தண்டருக்கு இருந்திருக்கும். நடுவே ஒரு முழு சீசன் அவரை வைத்துக் கோப்பைக்கு முயன்றிருக்கலாம். அதோடு, அந்த உடன்படிக்கையிலேயே ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆட்டக்காரரின் பழைய சம்பளத்தை வரிக் கணக்கிலிருந்து தூக்கிவிடும் ஒரு முறைச் சலுகை இருந்தது. கென்ட்ரிக் பெர்கின்ஸின் ஒப்பந்தம் அதற்கென்றே செய்ததுபோல இருந்தது. தண்டர் அதைத் தொடவே இல்லை.

ஆக என் தீர்ப்பு: அது தவறான டிரேடு. அன்றைய தேதியில் நின்று பார்த்தாலும் தவறுதான். எம்விபி ஆனதால் தவறாகவில்லை. கையில் நேரம் இருந்தும், வேறு வழி இருந்தும், அவசரமாக விற்றதால் தவறு.

2016 கோடையில் டுராண்ட் ஃப்ரீ ஏஜென்டாகக் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போன விஷயம் வேறு. 2016 வசந்தத்தில் மேற்குப் பிரிவு இறுதியில் கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று மடக்கி வைத்திருந்த அணி அது. அப்படிப்பட்ட அணியின் முதல் ஆட்டக்காரரை, போய்விடுவாரோ என்ற சந்தேகத்தில், எவரும் முன்கூட்டியே விற்க மாட்டார்கள். அந்தக் கோடையில் தொலைக்காட்சிப் பணம் வந்து சம்பள உச்சவரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியன் டாலருக்குக் குதித்தது. டுராண்டுக்குச் சம்பளம் கொடுக்க கோல்டன் ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது அதனால்தான். பிரெஸ்டி மேல் இதில் பெரிதாகப் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் எங்கேதான் அவர் கெட்டிக்காரர்? பலரும் டிராஃப்டைக் காட்டுவார்கள். என் பார்வையில் அவர் பலம் போகப்போகிற ஆளுக்கு விலை வாங்குவதில் இருக்கிறது. ஹார்டன் விஷயத்தில் சறுக்கியதும் இதே இடத்தில்தான் என்பது வேடிக்கை.

2019 ஜூலையில் பால் ஜார்ஜ் தன்னை விற்கச் சொன்னார். நட்சத்திரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் விற்பவர் கை தாழ்ந்துவிடும், சந்தைக்கே அது தெரியும். ஆனால் அந்த வாரம் ஒரு விசித்திரமான நிலை. லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கவாய் லெனர்ட் வேண்டும், லெனர்டுக்கோ கூட ஆட ஜார்ஜ் வேண்டும். ஜார்ஜ் கிடைக்காவிட்டால் லெனர்டும் இல்லை. ஆக கிளிப்பர்ஸ் விலை கொடுத்தது ஒருவருக்கல்ல, இரண்டு பேருக்கு. பிரெஸ்டி அதைப் புரிந்துகொண்டு இரண்டு பேர் விலையையே கேட்டார். ஐந்து முதல் சுற்று பிக், கிளிப்பர்ஸின் பிக் தண்டருடையதைவிட மேலே இருந்தால் மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு முறை, டனிலோ கலினாரி, கூடவே 21 வயதைக்கூட எட்டாத ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 11 புள்ளிகூட எடுக்காத பையன். 2025-ல் அவர்தான் எம்விபி. அதே ஆண்டு தண்டர் 68 ஆட்டம் வென்று, இறுதிப் போட்டியில் இந்தியானாவை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி கோப்பையும் வாங்கியது.

ஷே எம்விபி ஆவார் என்று பிரெஸ்டிக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் ஷே சாதாரணமான ஆளாகவே நின்றிருந்தாலும் அந்த டிரேடு நல்ல டிரேடுதான். வயதாகிக்கொண்டிருந்த இரண்டு நட்சத்திரங்களை நம்பிய ஓர் அணியின் பல வருஷத்துப் பிக்குகள் கையில் வந்திருந்தன. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாத மாதிரி செய்தாரா என்பதுதான் நான் பார்ப்பது.

பக்கத்திலேயே 2025 பிப்ரவரியை வைத்துப் பாருங்கள். டாலஸ் மேவரிக்ஸ் ஜி.எம். நிக்கோ ஹாரிசன், 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆந்தணி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் 2029-ன் ஒரே ஒரு முதல் சுற்று பிக்கையும் வாங்கினார். எட்டு மாதம் முன்புதான் டான்சிச் அந்த அணியை இறுதிப் போட்டிக்கு இழுத்துப் போயிருந்தார். தற்காப்புதான் கோப்பை தரும் என்று ஹாரிசன் நம்பினார். அந்த நம்பிக்கையைக்கூட விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது விற்ற விதம். ஏலம் போடவில்லை. லேக்கர்ஸோடு ரகசியமாகப் பேசியே முடித்துவிட்டார். லீகின் மற்ற அணிகள் விடிந்து எழுந்து செய்தியில் பார்த்தன. டான்சிச் போன்ற ஆள் விற்பனைக்கு என்று தெரிந்திருந்தால் எத்தனை அணிகள் பெட்டியோடு வந்து நின்றிருக்கும்! ஒரு வீட்டை விற்பவர்கூட இரண்டு பேரிடம் விலை கேட்பார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பாடப்புத்தகத்தில் போட வேண்டியது. டாலஸ் தோற்று, பிளேஆஃபுக்குத் தகுதி பெறாமல், 2025 டிராஃப்ட் லாட்டரியில் (பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்கு முதல் பிக்குகளைக் குலுக்கிப் பிரிப்பது) முதல் பிக்குக்கு வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு நின்றது. முதல் பிக் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் என்ற இளம் ஆட்டக்காரர் வந்தார். அன்றிரவே "ஹாரிசன் ஜெயித்துவிட்டார் பார்" என்று சிலர் எழுதினார்கள். லாட்டரிப் பந்து விழுந்ததற்கும் பிப்ரவரியில் எடுத்த முடிவுக்கும் என்ன சம்பந்தம்? வெஸ்ட்புரூக்கின் முழங்காலை எப்படிக் கழித்தோமோ அப்படியே இதையும் கழிக்க வேண்டும். அந்த நவம்பரில் அணி ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கியது.

டிராஃப்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதில் திறமையைவிட அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறவன் நான். பின்னாளில் எம்விபி ஆன நிக்கோலா யோக்கிச்சை 2014-ல் டென்வர் 41-வது இடத்தில் எடுத்தது மேதைமை என்பார்கள். அதே இரவில் 16-வது இடத்தில் யூசுஃப் நுர்கிச்சும் 19-வது இடத்தில் கேரி ஹாரிஸும் டென்வருக்கு வந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் யோக்கிச் எடுக்க ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தார். டென்வருக்கே அவர் யாரென்று முழுதாகத் தெரிந்திருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அதற்கு மதிப்பெண் உண்டு, மேதை பட்டம் இல்லை.

பிரெஸ்டியிடமே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2022 டிராஃப்ட் இரவு, 11-வது இடம் நியூயார்க்கிடம். அதில் ஊஸ்மான் ஜெங்கைப் பெற மூன்று எதிர்கால முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தார் பிரெஸ்டி. மூன்றுமே நிபந்தனையோடு கூடியவை என்றாலும் மூன்று மூன்றுதான். அடுத்த இடமான 12-ல் தன் கையிலிருந்த பிக்கைக் கொண்டு ஜேலன் வில்லியம்ஸை எடுத்தார். சில நிமிட இடைவெளியில் ஒரே ஆள், ஒரே மேஜை, ஒரே தேர்வுக் குழு. ஜெங் அணியில் நிரந்தர இடம் பிடிக்கவே இல்லை. வில்லியம்ஸ் 2025-ல் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்), கோப்பை வென்ற அணியின் இரண்டாவது ஆள். யாராவது இந்தக் குழுவுக்குக் கண் இருக்கிறது, அந்தக் குழுவுக்குக் கண் இல்லை என்று சொன்னால், எந்தக் கண் என்று கேளுங்கள், 11-வது கண்ணா, 12-வது கண்ணா? ஒன்றுக்குப் பத்துப் பிக் கையில் இருந்தால் ஒன்றிரண்டு பொய்த்தாலும் தாங்கும். பிரெஸ்டி அதை நம்பித்தான் நடந்துகொள்கிறார்.

தவறான ஒரு தேர்வு மட்டுமே ஒரு ஜி.எம்.மை முடித்துவிடாது என்பதற்கு டெட்ராய்ட்டின் ஜோ டூமார்ஸை எப்போதும் சொல்வேன். 2003-ல் கார்மெலோ ஆந்தணி, கிரிஸ் பாஷ், டுவெய்ன் வேட் மூவரும் இருக்க இரண்டாவது இடத்தில் டார்கோ மிலிசிச்சை எடுத்தார். என்பிஏ வரலாற்றில் இன்றும் சிரிக்கிற தேர்வு. மறு வருஷமே டெட்ராய்ட் சாம்பியன். அந்த அணியின் தூண் பென் வாலஸ். அவர் எங்கிருந்து வந்தார்? 2000-ல் கிராண்ட் ஹில் எப்படியும் ஆர்லாண்டோவுக்குப் போகிறார் என்று தெரிந்தபோது, வெறுங்கையோடு விடாமல் டிரேடாக மாற்றி வாங்கிய ஆள். மறுபடியும் அதே வித்தை.

ஒப்பந்தங்களை ரசிகர்கள் தொகையை வைத்துப் பார்க்கிறார்கள். நான் வடிவத்தைப் பார்ப்பேன். 2024 கோடையில் தண்டர் ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு மூன்று வருஷத்துக்கு 87 மில்லியன் டாலர் கொடுத்தது. நட்சத்திரம் இல்லாத ஒரு சென்டருக்கு (கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) இவ்வளவா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மூன்றாவது வருஷத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் விருப்பம். அணியின் இளம் ஆட்டக்காரர்கள் செட் ஹோல்ம்கிரெனுக்கும் வில்லியம்ஸுக்கும் பெரிய சம்பளம் தொடங்குவது 2026-27-ல். வெளியே போகும் கதவை அதே வருஷத்தில் வைத்திருக்கிறார்கள். பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள், ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக் கொடுத்தார்கள். 2023 உடன்படிக்கைக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். இரண்டாவது ஏப்ரன் என்று சொல்லப்படும் மேல் எல்லையைத் தாண்டிய அணி, இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு டிரேடில் பயன்படுத்த முடியாது, வெளியே ஆள் எடுக்கும் சலுகைகளும் போய்விடும். 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோடையிலேயே ஜூரூ ஹாலிடேயையும் கிரிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பியது இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கத்தான். அதை வெறும் ஆட்டத் திறனை வைத்து விமர்சிப்பவர்களுக்குப் பாதிக் கணக்குதான் தெரியும்.

மோசமான ஒப்பந்தத்தின் உண்மையான விலை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? அதைத் தலையிலிருந்து இறக்க என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2016-ல் லேக்கர்ஸ், டிமோஃபே மோஸ்கோவுக்கு நான்கு வருஷம் 64 மில்லியன் டாலர் கொடுத்தது. ஒரே வருஷத்தில் அதைக் கழற்றிவிட, இரண்டாவது இடத்தில் எடுத்த டி'ஏஞ்சலோ ரஸ்ஸலைக் கூடச் சேர்த்து புரூக்ளினுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரஸ்ஸல் 2019-ல் அங்கே ஆல்-ஸ்டார் ஆனார்.

இன்னொரு விஷயம், யாருடைய முடிவு என்பது. டென்வர் 2023-ல் கோப்பை வென்றபோது யோக்கிச்சையும் ஜமால் மரேயையும் எடுத்த டிம் கானலி மினசோட்டாவில் இருந்தார். நாற்காலியில் இருந்தவர் கால்வின் பூத். பூத்தும் சும்மா இருந்தவர் இல்லை, கெண்டேவியஸ் கால்ட்வெல்-போப்பையும் புரூஸ் பிரவுனையும் கொண்டுவந்தவர் அவர்தான், அவர்கள் இல்லாமல் கோப்பை இல்லை. ஆனால் வீடு கட்டியவரையும் கூரை போட்டவரையும் பிரித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். உரிமையாளர் பர்ஸைத் திறக்கிறாரா, டிரேடில் மூக்கை நுழைக்கிறாரா என்பது நமக்கு வெளியே முழுதாகத் தெரியாது. அதனால் நான் ஜி.எம்.க்கு அடி போடும்போது கொஞ்சம் கை தளர்த்தியே போடுவேன். ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதை நம்பாதீர்கள். சக நிர்வாகிகள் ஒரு சீசனைப் பார்த்து ஓட்டுப் போடுவது அது. பிரெஸ்டிக்கு முதல் முறை கிடைத்ததே 2025-ல், வேலையில் சேர்ந்து பதினெட்டாவது வருஷத்தில்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரிய டிரேடு நடந்த அன்றே நாலு வரி எழுதுவேன்: யார் என்ன கொடுத்தார், வேறு என்ன செய்திருக்கலாம், நானாக இருந்தால் செய்வேனா. மூன்று வருஷம் கழித்துத் திறந்து பார்ப்பேன். பின்னால் வந்து "எனக்கு அப்போதே தெரியும்" என்று எனக்கே பொய் சொல்லிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி. 2022 ஜூலைப் பக்கத்தில், தற்காப்புக்குப் பேர்போன ரூடி கோபேரை மினசோட்டா வாங்கிய டிரேடுக்குக் கீழே, "நாலு முதல் சுற்று பிக், ஒரு மாற்று உரிமை, மேலே வாக்கர் கெஸ்லரும்! கானலிக்கு என்ன ஆச்சு?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். மினசோட்டா 2024-ல் லீகின் சிறந்த தற்காப்போடு 56 ஆட்டம் வென்று, இருபது வருஷத்துக்குப் பிறகு மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. மறு வருஷமும் போனது. கோபேர் நான்காவது முறையாகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஆனார்.

வென்றதால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டால், மேலே சொன்னதற்கு நானே எதிராகப் போகிறேன். அதனால் அன்றைய நாளுக்கே மறுபடி போய்ப் பார்த்தேன். இரண்டு விஷயத்தை விட்டிருந்தேன். ஆந்தணி எட்வர்ட்ஸுக்கு அப்போது 20 வயது, ஆரம்பக் குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் இருந்தார். பெரிய நட்சத்திரம் சிறிய சம்பளத்தில் இருக்கும் அந்த ஓரிரு வருஷம்தான் செலவு செய்ய ஏற்ற காலம். மற்றது, மினசோட்டாவுக்குப் பெரிய ஃப்ரீ ஏஜென்ட்கள் தாமாக வந்து சேருவதில்லை, டிரேடு ஒன்றுதான் வாசல். இவை இரண்டும் அன்றே தெரிந்த விஷயங்கள். நான்தான் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் "வாங்கியது சரி, விலை இன்னும் அதிகம்தான்" என்று எழுதியிருக்கிறேன்.

பிரெஸ்டியை ஆளாக எடைபோட ஒரே ஒரு சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போகலாம். ஷேயும், வில்லியம்ஸை எடுத்த அந்த 12-வது பிக்கும் வந்தது பால் ஜார்ஜ் டிரேடில். ஜார்ஜ் 2017-ல் வந்தது விக்டர் ஒலடிப்போவையும் டொமான்டாஸ் சபோனிஸையும் கொடுத்து. அவர்கள் இருவரும் 2016-ல் வந்தது இபாக்காவைக் கொடுத்து. இபாக்கா 2008 டிராஃப்டில் 24-வது இடம். அந்த 24-வது பிக் எங்கிருந்து? அணி இன்னும் சியாட்டிலில் இருந்த 2007 கோடை, பிரெஸ்டி வேலையில் சேர்ந்த முதல் கோடை. ஃபீனிக்ஸ் அணி ஆடம்பர வரியிலிருந்து தப்பிக்க, கர்ட் தாமஸ் என்ற மூத்த சென்டரின் சம்பளத்தை யார் தலையிலாவது கட்டப் பார்த்தது. பிரெஸ்டியின் அணியில் இடம் காலியாக இருந்தது. வாங்கிக்கொண்டார், கூலியாக இரண்டு முதல் சுற்று பிக் கேட்டார், கொடுத்தார்கள். தாமஸையும் அவர் வீணாக வைத்திருக்கவில்லை. அதே சீசனில், 2008 பிப்ரவரியில், சான் அன்டோனியோவுக்கு அனுப்பி இன்னொரு முதல் சுற்று பிக் வாங்கிவிட்டார்.